மை ஊறிய இரண்டாம் பக்கம்

"பத்தே நிமிஷம்தான் மேடம். இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போயிருக்காரு. வாரதுக்குள்ள பாத்துட்டுக் குடுத்துருங்க."

நிலைய எழுத்தர் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒற்றைத் தாளை மேஜை மேல் தள்ளினார். சாலோமி அதை எடுத்துக்கொண்டு நேரே ஜன்னலுக்குப் போனாள். பதினெட்டு வருஷம் காக்கி உடுப்பில் இருந்துவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். ஐம்பத்திரண்டு வயசு. எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள், கடையில் வாங்கும் முட்டை உட்பட.

அவளுடைய உதவியாளன் தாவூது பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தான். மேலப்பாளையத்துக்காரன். முப்பத்து நாலு வயசாகியும் துக்க வீட்டில் வாயை அடக்கத் தெரியாத மனுஷன் என்று அவன் பெண்டாட்டியே புகார் சொல்லுவாள்.

தாளில் ஆறே வரிகள். மைப்பேனா எழுத்து. கருநீல மை.

'இனி என்னால் முடியாது. எவ்வளவோ பார்த்துவிட்டேன். ஒன்றும் சரிப்படவில்லை. இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இதில் யார் மேலும் குற்றம் இல்லை. எனக்காக இனி எங்கும் தேட வேண்டாம். - மகாராஜன்.'

போன புதன்கிழமை விடியற்காலை சிந்துபூந்துறைப் படித்துறையில் ஒரு ஜோடி செருப்பு, ஒரு கைக்கடிகாரம், கடிகாரத்துக்கு அடியில் இந்தத் தாள். மகாராஜன் பள்ளிக்கூட வாத்தியார். சரித்திரப் பாடம் எடுப்பவர். மழை பெய்து ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. தீயணைப்புக்காரர்கள் மூன்று நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. ஆறு கொண்டுபோய்விட்டது என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

"எழுத்து அவரோடதுதான்னு எல்லாரும் சொல்லிட்டாவ. நாம என்னக்கா புதுசா பாக்கப் போறோம்? எழுத்துப் பிழையா?" என்றான் தாவூது.

"புள்ளியைப் பாரு."

பார்த்தான். ஆறு வரிகளுக்கு நடுவிலும் கீழே வெறுமையாக இருந்த இடத்திலும் சின்னச் சின்னதாகக் கருநீலப் புள்ளிகள். எந்த எழுத்தோடும் ஒட்டாமல் தனியாகக் கிடந்தன.

"அக்கா, இதென்ன கோலம் போடவா வச்சிருக்காரு?"

"திருப்பிப் பாரு."

பின்பக்கத்தில் முன்பக்கத்து எழுத்தெல்லாம் ஊறி இறங்கியிருந்தது. எழுத்தின் உடம்பு மங்கலாகவும், மெய்யெழுத்துக்கு மேலே வைத்த புள்ளிகள் அழுத்தமாகவும். பேனா நின்ற இடத்தில் மை துளைத்துக்கொண்டு போயிருந்தது.

"மட்டமான தாள்," என்றாள் சாலோமி. "இங்க் பேனா வச்சா அடுத்த தாள் வரைக்கும் இறங்கிரும். அதுவும் புள்ளி வைக்குத இடம் முதல்ல இறங்கும். இப்ப சொல்லு, முன்பக்கத்துல அநாதையா கெடக்க புள்ளியெல்லாம் எங்கேருந்து வந்தது?"

தாவூது தாளை மறுபடி முன்பக்கம் திருப்பினான். "மேல இன்னொரு தாள் இருந்திருக்கு. அதுல எழுதினது கீழ இறங்கியிருக்கு."

"அதுவும் ஒண்ணு ரெண்டு வரி இல்ல. பக்கம் நிறைய எழுதியிருக்காரு. அப்ப இது?"

"இது ரெண்டாம் பக்கம்." சொன்ன பிறகுதான் அதன் கனம் அவனுக்கே உறைத்தது. "ஏதோ ஒரு கடுதாசியோட கடைசிப் பக்கம்."

சாலோமி தாளின் மேல்பகுதியைக் காட்டினாள். நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை. அதைச் சுற்றி மெல்லிய துரு வளையம். "இது ஆத்தங்கரை முள்ளு குத்தினது இல்ல. முள்ளுக்குத் துருப் பிடிக்காது."

வெளியே ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. தாவூது அவசரமாக இரண்டு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்தான்.

*

வழக்கைச் சாலோமியிடம் கொண்டுவந்தவள் மகாராஜனின் மனைவி இசக்கியம்மா. அவள் கதவைத் திறந்தபோது உள்ளே நான்கைந்து சொந்தக்காரர்கள் நின்று எதற்கோ பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி, சாலோமியையும் தாவூதையும் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"நாளைக்குக் காலைல காரியம் பண்ணணும்னு அவிய அண்ணன் நிக்காரு," என்றாள். "பொணத்தைக் கண்ணால பாக்காம என் தாலியை எப்டி மேடம் கழத்துவேன்? இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு. நீங்கதான் ஏதாவது சொல்லணும்."

கல்லூரியில் படிக்கும் மகள் பிரியதர்ஷினி ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவரு எழுதுத மேஜையைப் பாக்கலாமா?" என்று கேட்டாள் சாலோமி.

மேஜை மேல் பேனாக்கள் ஒரு மர ஸ்டாண்டில் வரிசையாக நின்றன. பக்கத்தில் தடிமனான ஒரு நோட்டு. திறந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு துண்டிலும் அதே மையில் ஒரே வார்த்தை: பிரியதர்ஷினி. அடியில் வாத்தியாரின் தீர்ப்பு.

'எண் 12. பழைய பத்திரத் தாள், மிச்சக் கட்டு. நிப்பு வழுக்கிக்கொண்டு போகிறது. மை மேலேயே நின்று நிதானமாகக் காய்கிறது. எழுத்தின் விளிம்பு கத்தி மாதிரி.'

'எண் 37. ஜெராக்ஸ் தாள். மிஷினுக்காகச் செய்தது, மனுஷனுக்காக இல்லை.'

'எண் 44. கலியாணப் பத்திரிகை அட்டை. வழவழப்பு அதிகம். மை காய்வதற்குள் மணமக்களுக்குப் பிள்ளை பிறந்துவிடும்.'

தாவூதுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். இந்த மனுஷனோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்திருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதும் மனசு கனத்தது.

"பொண்ணு பாக்குத மாதிரிலா தாள் பாத்திருக்காரு," என்றான் பைய.

"எங்க போனாலும் தாளைத் தடவித் தடவிப் பாப்பாவ," என்றாள் இசக்கியம்மா. "பேனா எல்லாம் ஒண்ணுதான், தாள்தான் எழுத்தைக் கெடுக்கும்பாவ. ரெண்டு வருசமா ஒரு தாளும் பிடிக்கல. இப்பல்லாம் நல்ல தாளே வாரதில்லன்னு ஒரே பொலம்பல்."

சாலோமி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள்.

'எண் 61. டவுன் நூகு அண்ணாச்சி கடை மாதிரித் தாள். வைக்கோல் கூழ். மை வைத்தால் உறிஞ்சிக் குடிக்கிறது. அடுத்த தாளுக்கும் இறங்குகிறது. இதில் கடலை மடிக்கலாம்.'

செல்போன் படத்தை எண் 61-க்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதே பழுப்பு. அதே நார். அதே மாதிரி ஊறிய புள்ளி.

"பாத்தீங்களா அக்கா!" என்று இசக்கியம்மாவைப் பார்த்துத் திரும்பிவிட்டான் தாவூது. "இது சாகப்போறதுக்கு எழுதின காயிதமே இல்ல. வேற யாருக்கோ போட்ட கடுதாசியில ரெண்டாம் பக்கம். எவனோ எடுத்துக் கொண்டாந்து ஆத்தங்கரையில வச்சிருக்கான்!"

மூலையில் இருந்த பெண் நிமிர்ந்தாள். இசக்கியம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ அவிய..."

"நாங்க இன்னும் எதுவும் சொல்லல," என்று குறுக்கே வந்தாள் சாலோமி. குரலில் எச்சரிக்கை இருந்தது. அது தனக்குத்தான் என்று தாவூதுக்குத் தெரிந்தது. ஆனால் இசக்கியம்மாவின் முகத்தில் வந்துவிட்ட வெளிச்சத்தை இனி யாராலும் அணைக்க முடியாது.

புறப்படுமுன் சாலோமி நோட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். போன அக்டோபர் தேதி. 'எண் 12, மறுபடியும்.' அதே பத்திரத் தாள், அதே கட்டு, அதே பேனா, அதே மை. ஆனால் 'பிரியதர்ஷினி' தடித்து, விளிம்பில் பிசிறடித்து, நனைந்தது போலக் கிடந்தது. தீர்ப்பு எழுத வேண்டிய இடம் காலி.

"தாளும் அதே, மையும் அதே," என்றாள் சாலோமி தனக்குள் சொல்வது போல. "அப்ப மாறினது எது?"

*

வெளியே வந்து பைக்கில் ஏறியதும் திட்டு விழுந்தது.

"ஏலே, உனக்கு அறிவு இருக்கா? பாதி தெரிஞ்சதை வச்சிக்கிட்டு ஒரு பொம்பளைக்கு நம்பிக்கை குடுப்பியா? நாளைக்கு மீதிப் பாதி வேற மாதிரி வந்தா அவ மூஞ்சில நீ முழிப்பியா?"

"இல்லக்கா... நாளைக்குத் தாலியை..."

"அதனாலதான் சொல்லுதேன்."

சுலோச்சன முதலியார் பாலத்தில் போகும்போது தாவூது கீழே பார்த்தான். செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"அக்கா, ஆத்துல குதிக்கப்போறவன் 'எங்கும் தேட வேண்டாம்'னா எழுதுவான்? ஆறு ஒண்ணுதானே?"

"அது நல்ல கேள்வி," என்றாள் சாலோமி. "இன்னைக்கு நீ கேட்ட முதல் நல்ல கேள்வி."

நூகு அண்ணாச்சியின் பேப்பர் கடை, டவுன் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் தாள் கட்டுகள். ஈரம் ஏறாதபடி அடியில் பலகை போட்டு அடுக்கியிருந்தது. அண்ணாச்சிக்கு அறுபத்தைந்து வயசு இருக்கும். சொந்த ஊர் காயல்பட்டினம். வெள்ளைத் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. ஒரு பார்சலுக்குச் சணல் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"வாங்கம்மா. என்ன தாள் வேணும்?"

"இங்க் பேனாவுல எழுத," என்றாள் சாலோமி.

அண்ணாச்சியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு வியாபாரி முகத்தை மாட்டிக்கொண்டு பேசினார். "கனத்தைப் பாத்து ஏமாறக்கூடாதும்மா. கனமான தாள்லயும் மை பிசிறடிக்கும். மேல பசை நல்லா ஏறியிருக்கணும். விரலால தடவினா வழுக்கணும், ஆனா கண்ணாடி மாதிரி இருக்கக்கூடாது. எச்சி தொட்டு வச்சிப் பாருங்க. உடனே குடிச்சிட்டுன்னா அது இங்க் பேனாவுக்கு ஆகாது."

"இத யாருகிட்ட படிச்சீங்க அண்ணாச்சி? மகாராஜன் வாத்தியார்கிட்டயா?"

அவர் மறுபடி சணலைக் கையில் எடுத்தார். சாலோமி தான் யாரென்று சொன்னாள். செல்போனில் இருந்த படத்தைக் காட்டினாள்.

"இது உங்க கடை மாதிரித் தாள்தானே? இந்தக் கடுதாசி உங்களுக்கு வந்ததா?"

"எனக்கா? எனக்கு யாரும்மா கடுதாசி போடுதா இந்தக் காலத்துல? எல்லாம் வாட்ஸ்அப்லா."

சாலோமியின் கண் அவருக்குப் பின்னால் போனது. உத்தரத்திலிருந்து ஒரு வளைந்த கம்பி தொங்கியது. நுனி கூர்மை. அதில் பில்லும் கடிதமும் சீட்டும் குத்திக் குத்தி ஒரு முழ உயரத்துக்கு ஏறியிருந்தன. கம்பி முழுக்கத் துரு.

"தாவூது, அதைக் கொஞ்சம் இறக்கு."

"அம்மா, அது கடைச் சமாச்சாரம்..."

தாவூது அதற்குள் இறக்கிவிட்டான். மேலிருந்து பத்துப் பதினைந்து தாள் தள்ளியதும், பழுப்பு நிறத்தில் ஒன்று. நெருக்கமான எழுத்து. நடுவில் குத்திய ஓட்டை. அந்தத் தாளுக்குக் கீழே இருக்க வேண்டிய தாள் இல்லை.

"பிடிச்சாச்சுக்கா," என்றான். தாளைக் கம்பியிலிருந்து உருவி நீட்டினான். "முதல் பக்கம்!"

சாலோமி வாங்கி வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

'நூகு அண்ணாச்சிக்கு வணக்கம். நீங்கள் அனுப்பிய ஏழு மாதிரித் தாளும் கிடைத்தது. இந்தக் கடிதத்தை அவற்றில் மட்டமானதில்தான் எழுதுகிறேன். நல்ல தாளைக் கெடுக்க மனசு வரவில்லை. இரண்டு வருஷமாக உங்களைச் சிவகாசிக்கும் கோயம்புத்தூருக்கும் அலைய வைத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். தாள்கள் மேல் தப்பில்லை அண்ணாச்சி. என் கை மெதுவாகிவிட்டது. பேனா ஓரிடத்தில் நின்றால் எந்தத் தாளும் மையைக் குடிக்கத்தான் செய்யும். மதுரையில் டாக்டரிடம் காட்டினேன். என் அப்பாவுக்கு வந்த அதே நடுக்க வியாதி. வீட்டில் சொல்லவில்லை. இன்னும் ஒரு வருஷத்தில் கையெழுத்துக்கூடப் போட வராதாம். நல்ல தாளாகத் தேடித் தேடி, குற்றம் தாளில்தான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.'

அங்கே முதல் பக்கம் முடிந்தது. அடுத்த வரி என்னவென்று இருவருக்கும் தெரியும். இனி என்னால் முடியாது.

சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"ரெண்டாம் பக்கம் எப்டி ஆத்தங்கரைக்குப் போச்சு அண்ணாச்சி?" என்று கேட்டாள் சாலோமி.

நூகு அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "போன செவ்வாக்கிழமை சாயங்காலம் வாத்தியாரே வந்தாரும்மா. இங்கனதான் உக்காந்திருந்தாரு. ஒரு தாளும் பேனாவும் கேட்டாரு. குடுத்தேன். ரொம்ப நேரம் பேனாவைப் பிடிச்சிக்கிட்டே இருந்தாரு. எழுத வரல. நான் டீ சொல்லிட்டு வாரதுக்குள்ள எந்திரிச்சிப் போயிட்டாரு. கம்பியில இருந்து அவரு உருவிக்கிட்டுப் போனது எனக்கு மறுநாள்தான் தெரிஞ்சது."

தாவூது அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

எவனோ திருடவில்லை. எவனோ கொண்டுபோய் வைக்கவில்லை. புதிதாக ஒரு வரி எழுதக் கை ஒத்துழைக்காத மனுஷன், தானே முன்னால் எழுதி வைத்திருந்த வரிகளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போயிருக்கிறார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தான் இசக்கியம்மாவிடம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து அவனைக் குத்தியது.

"போனைப் போடு," என்றாள் சாலோமி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "நீதான் சொன்ன. நீதான் இதையும் சொல்லணும்."

பெயரைத் தேடி எடுத்தான். பச்சைப் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. இறங்கவில்லை. என்னவென்று ஆரம்பிப்பது? கண்ணை எங்கேயாவது வைத்துக்கொள்ள வேண்டுமே என்று பக்கத்தில் பாதி கட்டிக் கிடந்த பார்சலைப் பார்த்தான்.

இரட்டை வரி நோட்டுகள். சின்னப் பிள்ளைகள் 'அ' போட்டுப் பழகுகிற நோட்டு. பார்சலுக்கு வெளியே வேறு இரண்டு கம்பெனிகளின் இரட்டை வரி நோட்டுகள் தனியாகக் கிடந்தன. இரண்டும் கடைசிப் பக்கம் திறந்தபடி. முதல் நோட்டில் ஒரு கருநீலக் கோடு. கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் மரவட்டைக் கால் மாதிரி மை பிசிறியிருந்தது. இரண்டாவதிலும் ஒரு கோடு. பிசிறு கொஞ்சம் குறைவு.

அவன் பைய பார்சலின் வாயைப் பிரித்தான். உள்ளே மேலே இருந்த நோட்டின் கடைசிப் பக்கம். கோடு சுத்தமாக நின்றது. விளிம்பு கத்தி.

செல்போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான்.

"அண்ணாச்சி, இது யாருக்கு?"

"பேரனுக்குப்பா. ஒண்ணாங் கிளாஸ்."

"பேரன் எங்கன இருக்கான்?"

"மகளோட துபாய்ல..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். பார்சல் மேல் அவரே எழுதிய விலாசம் எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. காயல்பட்டினம்.

"அக்கா," என்றான் தாவூது. எழுந்து நின்றான். "ஒண்ணாங் கிளாஸ் பையன் பென்சில்ல எழுதுவான். அவனுக்குப் போற நோட்டுல எவனாவது இங்க் பேனா போட்டுப் பாப்பானா? அதுவும் மூணு நோட்டுல? ரெண்டு பிசிறுதுன்னு தள்ளிட்டு, பிசிறாததைப் பொறுக்கிக் கட்டுதாரு அண்ணாச்சி. இங்க் பேனாவைத் தவிர வேற எதுலயும் எழுத மாட்டேன்னு சொல்லுத ஒரு ஆளு, முதல்ல இருந்து எழுதப் பழகுதாரு."

சாலோமி நூகு அண்ணாச்சியைப் பார்த்தாள்.

கிழவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "சத்தியம் வாங்கிட்டாரும்மா. அல்லா மேல ஆணையா, நான் என்ன செய்வேன்? அன்னைக்கு விடியக்கால சுபுஹு தொழுகைக்குப் போகக் கதவைத் தொறக்கேன். இடுப்பு வரைக்கும் நனஞ்சு, வெறுங்காலோட நிக்காரு. 'இறங்கினேன் அண்ணாச்சி, முடியல, ஏறிட்டேன்'னு சொன்னாரு. வேற ஒரு பேச்சு இல்ல. வீட்டுக்குப் போவோம்னா, 'என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்'னு அழுவுதாரு. ரெண்டு நாள் போகட்டும்னு, காயல்பட்டினத்துல பூட்டிக் கெடக்க மக வீட்டுல கொண்டுபோய் விட்டேன். அதுக்குள்ள பேப்பர்ல வந்துட்டு, ஆத்துல படகு விட்டுத் தேடுதாவ. இனி திரும்பவே முடியாதுன்னு உக்காந்துட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஹயாத்தோட, உசுரோட இருக்காரும்மா. இடது கையால எழுதிப் பழகுதாரு."

*

இசக்கியம்மாவிடம் தாவூதுதான் சொன்னான். வீட்டுப் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று. கேலிக்கு ஒரு வார்த்தை வரவில்லை. முதலில் அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னான். பிறகு, அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் வைத்தது அவரேதான் என்று சொன்னான். பிறகு வியாதியைச் சொன்னான். எதையும் விடவில்லை, எதையும் மெழுகவும் இல்லை.

"எங்க?" என்று மட்டும் கேட்டாள். மகளிடம்கூட எதுவும் சொல்லாமல், சாலோமியும் நூகு அண்ணாச்சியும் காத்திருந்த வாடகைக் காரில் வந்து ஏறினாள்.

கார் ஸ்ரீவைகுண்டம் தாண்டியது. இடது பக்கம் ஆறு வருவதும் மறைவதுமாக இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் திடீரென்று பேசினாள்.

"எங்க மாமனாரை ஒம்பது வருசம் நான்தான் பாத்தேன் மேடம். சோறு ஊட்டுததுல இருந்து கழுவி விடுதது வரைக்கும். கடைசில பேச்சும் போயிட்டு. அவிய பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பாவ. ஒரு நாள் சொன்னாவ, 'உன்னை இப்டி வதைக்கதுக்கு அப்பா போய்ச் சேந்திருக்கலாம்'னு. நான் சும்மா சொல்லுதாவன்னு நெனச்சேன்."

தாவூது ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

"இப்பல்லாம் பட்டன் வச்ச சட்டையே போடுததில்ல," என்றாள் இசக்கியம்மா. "பனியன் மாதிரி ஒண்ணை மாட்டிக்கிட்டுப் போவாவ. வயசு திரும்புதோன்னு கேலி பண்ணினேன். நானும் கண்ணு இருந்து பாக்கலியே."

காயல்பட்டினத்தில் அந்தத் தெருவில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. வளைகுடாவில் இருக்கிறவர்களின் வீடுகள். நூகு அண்ணாச்சி முன்னால் போய்க் கதவைத் தட்டி, ஸலாம் சொல்லி, ஒதுங்கிக்கொண்டார்.

மகாராஜன் ஜன்னல் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு மணைப்பலகை. அதன் மேல் இரட்டை வரி நோட்டு. இடது கையில் பேனா. வலது கை மடியில் கிடந்து, அதன் பாட்டுக்கு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. எதிரே வந்து நிற்பவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. பேனா உருண்டது.

"இசக்கி..."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஆறு நாளா ஆத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்," என்றாள். சத்தம் போடவில்லை. "எந்தக் கட்டை மெதந்து வந்தாலும் நீங்கதானோன்னு பாத்தேன். ஒம்பது வருசம் உங்கப்பாவுக்குச் செஞ்சேனே, ஒரு நாளாவது மொகம் சுளிச்சேனா? சொல்லுங்க. ஒரு நாள்?"

"அதனாலதான்..."

"அதனாலதான்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க. என்கிட்ட கேக்கல. தாளு வாங்குததுக்குக்கூட ஏழு மாதிரி வாங்கிப் பாத்தீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கத் தோணல."

மகாராஜனின் தலை குனிந்தது. தோள் குலுங்க ஆரம்பித்தது. வலது கையின் ஆட்டம் அதிகமானது. இசக்கியம்மா ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மறைத்து மறைத்து வைத்திருந்த கையை அவள் இப்போதுதான் பார்க்கிறாள் என்று தாவூதுக்குப் பட்டது. பிறகு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். மன்னித்த முகம் இல்லை அது. ஆனால் பிடியை விடவில்லை.

"நாளைக்கு நான் வந்து ஸ்டேஷன்ல பேசுதேன்," என்றாள் சாலோமி வாசலில் நின்றபடி. "கேள்வி நிறைய வரும் வாத்தியார். பள்ளிக்கூடத்துலயும் கேப்பாவ. பதில் நீங்கதான் சொல்லணும்."

அவர் தலையை அசைத்தார்.

இசக்கியம்மா ஒரு கையை மட்டும் விடுவித்து, முந்தானையில் செருகியிருந்த செல்போனை எடுத்தாள். மகளின் பெயரை அழுத்தினாள். அந்தப் பக்கம் முதல் மணியிலேயே எடுத்துவிட்டது போலிருந்தது.

"பிரியா... அப்பா கெடச்சிட்டாவ. ஆமா. ஆமா, உசுரோடதான். என் பக்கத்துலதான் இருக்காவ. பெரியப்பாகிட்ட சொல்லிரு, நாளைக்கு ஒரு காரியமும் கெடையாதுன்னு." மறுமுனையில் கத்தலும் அழுகையுமாக என்னவோ கேட்டது. அவள் புருஷனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"பேசுவாவ. இப்ப முடியாது, அழுதுக்கிட்டிருக்காவ. நீ வைக்காத. லைன்லயே இரு."